முன்பே தெரிந்த தவறுகள்

இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமானங்களின் உயரமானியில் மூன்று முட்கள் இருந்தன. நீண்ட முள் நூறு அடிகளைக் காட்டும், குட்டை முள் ஆயிரம் அடிகளை, எல்லாவற்றிலும் பொடியான மூன்றாவது முள் பத்தாயிரம் அடிகளை. மூன்றும் ஒரே அச்சில், பூஜ்யம் முதல் ஒன்பது வரையிலான அதே எண்களின் மேல் சுற்றிவரும். விமானம் 4,500 அடியில் பறந்தாலும் சரி, 14,500 அடியில் பறந்தாலும் சரி, நீண்ட முள் 5-இல்தான் நிற்கும். குட்டை முள் 4-க்கும் 5-க்கும் நடுவில்தான் நிற்கும். பொடி முள் 1-க்கு இப்பால் நிற்கிறதா, அதைத் தாண்டிவிட்டதா என்பது ஒன்றுதான் வேறுபாடு. பல சமயம் மற்ற இரண்டு முட்களும் அதை மறைத்துவிடும். அமெரிக்க விமானப்படையின் ஓஹையோ ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த வால்டர் கிரெதர் என்ற உளவியலாளர், இந்த உயரமானியின் படத்தையும் வேறு சில வடிவங்களின் படங்களையும் விமானிகளிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். 1949-இல் முடிவுகளை வெளியிட்டார். மூன்று முள் கருவியைப் படிக்க விமானிகளுக்குச் சராசரியாக 7 வினாடி பிடித்தது. அப்படியும் பத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை ஆயிரம் அடியோ அதற்கும் அதிகமாகவோ தவறாகப் படித்தார்கள். உயரத்தை நேரடியாக எண்ணாகக் காட்டும் கருவியை 2 வினாடிக்குள் படித்துவிட்டார்கள். அதில் பிழை நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை.

ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1958 ஏப்ரலில், பயணிகள் இல்லாமல் ஐந்து பணியாளர்களுடன் ஸ்காட்லாந்து நோக்கிச் சென்ற ஒரு வைக்கவுண்ட் விமானம் ஏர் நகருக்கு அருகே தரையில் மோதியது. 14,500 அடியில் இருப்பதாக நினைத்துக்கொண்டு தலைமை விமானி இறக்கிய அந்த விமானம் உண்மையில் 4,500 அடியில் இருந்தது. ஐவரும் உயிர் தப்பினார்கள். அதே ஆண்டு டிசம்பர் 24 அன்று, சோதனைப் பறப்புக்காக லண்டனிலிருந்து கிளம்பிய பிரிட்டானியா விமானம் ஒன்று இங்கிலாந்தின் தென்கரைப் பக்கம் மூடுபனிக்குள் இறங்கியது. அதிலும் அதே பத்தாயிரம் அடிப் பிழை. விமானத்தில் இருந்த 12 பேரில் 9 பேர் இறந்தார்கள். எந்த விமானி, எந்த நாளில், எந்த வானிலையில் தவறுவார் என்று கிரெதரின் அட்டவணை சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. எந்தக் கருவியில், எந்த வகைத் தவறு, ஏறக்குறைய எவ்வளவு அடிக்கடி நேரும் என்பதை அது சொல்லியிருந்தது. விமானி அறையில் மனிதப் பிழையை முன்கூட்டிச் சொல்லும் முயற்சியின் வரலாற்றை அறியாமை விலகிய கதையாக எழுதுவதுதான் வழக்கம். அந்த இரண்டு விபத்துகளையும் கிரெதரின் அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அப்படி எழுத மனம் வராது. அறிவு சீக்கிரமே வந்துவிட்டது. அதைக் கேட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இருக்கவில்லை.

அந்த அறிவு போரின் நடுவில் பிறந்தது. பி-17 குண்டுவீச்சு விமானங்கள் நல்லபடியாகத் தரையிறங்கி ஓடுபாதையில் உருண்டுகொண்டிருக்கும்போதே சக்கரங்கள் மடங்கி, வயிறு தேய நின்றுபோன சம்பவங்கள் தொடர்ந்து நடந்தன. இறங்கியதும் விமானி மடக்க வேண்டியது இறக்கையின் பின்விளிம்பில் உள்ள ஃபிளாப்பை. அவர் கை போனது சக்கரத்தின் விசைக்கு. 1943-இல் இதை ஆராய்ந்த ஆல்ஃபோன்ஸ் சாப்பனிஸ் என்ற இளம் உளவியலாளர் விமானிகளை விசாரிக்கும் முன் விமானி அறையைப் பார்த்தார். சக்கரத்துக்கும் ஃபிளாப்புக்கும் உரிய இரண்டு விசைகளும் அடுத்தடுத்து, பார்வைக்கும் தொடுகைக்கும் வித்தியாசம் தெரியாதபடி இருந்தன. பி-25 குண்டுவீச்சு விமானத்திலும் தண்டர்போல்ட் போர் விமானத்திலும் இதே அமைப்பு. அவற்றிலும் இதே விபத்து. இரண்டு விசைகளும் வேறுபட்ட அமைப்பில் இருந்த சி-47 சரக்கு விமானத்தில் இந்த விபத்து அபூர்வம். ஓட்டியவர்கள் ஒரே படையில் ஒரே பயிற்சி பெற்ற ஆட்கள்தான். சாப்பனிஸ் சக்கர விசையின் நுனியில் ரப்பரால் ஒரு சின்னச் சக்கரத்தையும், ஃபிளாப் விசையின் நுனியில் ஆப்பு வடிவத்தில் ஒரு துண்டையும் பொருத்தச் சொன்னார். இருட்டிலும் கை வித்தியாசத்தை உணர்ந்துகொண்டது.

1947-இல் பால் ஃபிட்ஸ், ரிச்சர்ட் ஜோன்ஸ் என்ற ஆராய்ச்சியாளர்கள் இந்தப் பார்வையைக் கணக்காக மாற்றினார்கள். விமானிகளிடமிருந்து, அவர்களே செய்த அல்லது பார்த்த தவறுகளின் விவரங்களைத் திரட்டினார்கள். கட்டுப்பாட்டு விசைகளைக் கையாண்டதில் நேர்ந்த 460 தவறுகளைத் தரம் பிரித்தபோது, ஏறக்குறைய பாதி ஒரே வகையில் வந்து சேர்ந்தன. ஒன்றைத் தொட வேண்டிய இடத்தில் இன்னொன்றைத் தொட்டுவிடுவது. மிச்சத்தில் மறந்துபோனது, அளவு கூடியோ குறைந்தோ திருப்பியது, தலைகீழாகத் திருப்பியது, தெரியாமல் கை பட்டது, எட்டாமல் போனது எல்லாம் அடக்கம். கருவிகளைப் படித்ததில் நேர்ந்த 270 தவறுகளைப் பற்றி அவர்கள் எழுதிய இரண்டாவது அறிக்கையில் மூன்று முள் உயரமானி முன்வரிசையில் நின்றது. நூற்றுக்கணக்கான மனிதர்கள், எத்தனையோ வகை விமானங்கள். ஆனாலும் தவறுகள் ஒரு சில அச்சுகளில்தான் வந்து விழுகின்றன. முன்கூட்டிச் சொல்வது சாத்தியம் என்பதற்கு இதைவிட வலுவான சான்று எனக்குத் தெரியவில்லை.

இதே காலத்தில் வேறொரு வகை ஆரூடமும் செல்வாக்கோடு இருந்தது. தவறு எங்கே நேரும் என்று கேட்காமல், யார் தவறுவார் என்று அது கேட்டது. முதல் உலகப் போர்க்கால பிரிட்டனின் வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் நடந்த விபத்துகளை மேஜர் கிரீன்வுட்டும் ஹில்டா வுட்ஸும் 1919-இல் ஆராய்ந்தார்கள். விபத்துகள் தொழிலாளர்களிடையே சமமாகப் பரவவில்லை, சிலருக்கே அதிகம் நேர்கின்றன என்பது அவர்கள் கண்டது. அதிலிருந்து, விபத்துக்கென்றே பிறந்த மனிதர்கள் உண்டு, அவர்களைச் சோதனை வைத்துக் கண்டுபிடித்து விலக்கிவிடலாம் என்ற கொள்கை வளர்ந்தது. நிர்வாகங்களுக்கு இது பிடித்துப்போனதில் வியப்பில்லை. ஆளை மாற்றுவது மலிவு. ஆயிரம் விமானங்களின் கருவிப் பலகையை மாற்றுவது மலிவல்ல. விமானிகளைத் தேர்ந்தெடுப்பதில் சோதனைகளுக்குப் பயன் இல்லை என்று நான் சொல்லவில்லை. கண் பார்வை, கை நிதானம், கவனம் எல்லாம் வேண்டியவைதான். ஆனால் தேர்வில் தேறி, நல்ல பயிற்சி பெற்று, ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்தவர்களின் கைதான் தவறான விசைக்குப் போனது என்பதே ஃபிட்ஸ் திரட்டிய விவரங்களில் திரும்பத் திரும்ப வருகிறது.

கருவியைக் குறை சொல்வது விமானியின் பொறுப்பைக் கழுவிவிடும், இன்னும் கடுமையான பயிற்சியும் ஒழுங்கும் இருந்தால் போதும் என்று மறுப்பவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். இவர்களுக்குப் பதில் சொல்ல ஒரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. 1980-இல் அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், சிறிய விமானங்கள் தரையில் இருக்கும்போதே சக்கரங்கள் மடக்கப்பட்ட விபத்துகளைப் பற்றி ஒரு சிறப்பு அறிக்கை எழுதியது. பீச்கிராஃப்ட் நிறுவனத்தின் பொனான்ஸா, பேரன் ஆகிய இரண்டு வகைகளும் தங்கள் எண்ணிக்கைக்குக் கொஞ்சமும் பொருந்தாத அளவு அந்தப் பட்டியலை நிறைத்திருந்தன. மற்ற விமானங்களில் சக்கர விசை இருக்கும் பக்கத்தில் இவற்றில் ஃபிளாப் விசை இருந்தது. ஃபிளாப் இருக்கும் பக்கத்தில் சக்கரம். ஓட்டியவர்கள் எல்லோரும் ஒரே அமெரிக்க உரிமம் பெற்றவர்கள். ஒழுங்கின்மைதான் காரணம் என்றால், ஒழுங்கில்லாதவர்கள் எல்லோரும் ஏன் இந்த இரண்டு விமானங்களை மட்டுமே தேடிப் போய் வாங்க வேண்டும்? பயிற்சி தவறின் எண்ணிக்கையைக் குறைக்கும். மிச்சத் தவறுகள் எந்த இடத்தில் குவியும் என்பதைக் கருவியின் அமைப்பு முடிவு செய்கிறது.

சாப்பனிஸின் ரப்பர் சக்கரம் பெரிய விமானங்களில் பிழைத்ததற்குக் காரணம் அது விதியாக ஏறியதுதான். போக்குவரத்து விமானங்களுக்கான அமெரிக்க விதிகளில் 25.781 என்ற பிரிவு, விமானி அறைக் கைப்பிடிகளின் வடிவத்தைப் படம் போட்டே சொல்கிறது. சக்கரத்துக்கான கைப்பிடி சக்கர வடிவிலும், ஃபிளாப்புக்கான கைப்பிடி இறக்கை வடிவிலும் இருக்க வேண்டும். இன்று எந்தப் பயணி விமானத்தின் முன்னறையை எட்டிப் பார்த்தாலும் அந்தக் குட்டிச் சக்கரம் தெரியும். உயரமானிக்கு அப்படி ஒரு விதி உரிய நேரத்தில் வரவில்லை. இரண்டு ஆராய்ச்சிகளும் ஒரே ஆய்வுக்கூடத்தில், சில ஆண்டு இடைவெளியில் நடந்தவை. ஒன்று சட்டமானது, மற்றது நூலக அலமாரிக்குப் போனது.

1980-களின் முடிவில் திரைகளும் கணினிகளும் நிறைந்த விமானி அறை வந்தபோது ஃபிட்ஸின் பழைய தவறுப் பட்டியலுக்கு இனி வேலையில்லை என்று பலரும் நம்பினார்கள். 1990 பிப்ரவரி 14 அன்று மும்பையிலிருந்து பெங்களூரு வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் ஏ-320 விமானம், பழைய எச்ஏஎல் விமான நிலைய ஓடுபாதைக்குச் சற்று முன்னால் கோல்ஃப் மைதானத்தில் விழுந்தது. 146 பேரில் 92 பேர் மாண்டார்கள். இறங்கும் கட்டத்தில் விமானம், இன்ஜின்களைச் சும்மா ஓடும் நிலைக்குக் கொண்டுபோய்விட்டு உயரத்தை மட்டும் குறைக்கும் முறைக்குள் போயிருந்தது; வேகம் வடிந்துகொண்டே போனதை இரண்டு விமானிகளும் கவனித்தபோது காலம் கடந்துவிட்டது. அந்த முறைக்குள் அது எப்படிப் போனது? நிமிடத்துக்கு 700 அடி என்ற இறங்கு வேகத்தைக் கொடுக்க நினைத்த கை, அதற்குப் பக்கத்துக் குமிழைத் திருப்பி, 700 அடி என்ற உயரத்தைக் கொடுத்திருக்கக்கூடும் என்பது விசாரணையில் வலுவாக முன்வைக்கப்பட்ட விளக்கம். பெங்களூரு விமான நிலையமே கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,900 அடி உயரத்தில் இருக்கிறது. 700 அடி என்பது அங்கே பூமிக்குள். அந்த எண்ணைக் கணினி மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது. விளக்கம் சரியென்றால், ஃபிட்ஸின் 460 தவறுகளில் பாதியை அடைத்துக்கொண்ட அதே தவறுதான் இது: அடுத்தடுத்து இரண்டு குமிழ்கள், கை போனது மாறி. மேலும், இரண்டு விமானிகளின் பறப்பு வழிகாட்டிகளும் அணைக்கப்பட்டால்தான் இன்ஜின் தானாக வேகத்தைக் காக்கும் முறைக்குத் திரும்பும். ஒருவருடையது அணைந்தது, மற்றவருடையது அணையவில்லை. பாதியில் நின்ற செயலும் பழைய பட்டியலுக்குப் புதிதல்ல.

இரண்டு ஆண்டுகள்கூட ஆகவில்லை. 1992 ஜனவரி 20 இரவு லியோனிலிருந்து ஸ்ட்ராஸ்பர்க் போன ஏர் இன்டர் நிறுவனத்தின் ஏ-320 சான்ட் ஓடில் மலைப்பகுதியில் மோதியதில் 96 பேரில் 87 பேர் இறந்தார்கள். இங்கே குமிழ் ஒன்றுதான், பொருள் இரண்டு. ஒரு முறையில் அதைத் திருப்பினால் இறங்கும் கோணம். பொத்தானை அழுத்தி முறையை மாற்றினால் அதே குமிழில் இறங்கும் வேகம். 3.3 டிகிரி கோணம் தேவைப்பட்ட இடத்தில், விமானம் நிமிடத்துக்கு 3,300 அடி வேகத்தில் இறங்கியது. வேண்டியதைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு. சின்னத் திரையில் கோணம் என்றால் −3.3 என்று தெரியும், வேகம் என்றால் −33 என்று தெரியும். இரண்டுக்கும் நடுவில் ஒரு புள்ளிதான் வித்தியாசம். விபத்துக்குப் பிறகு ஏர்பஸ் வேகத்தை நான்கு இலக்கங்களாக, −3300 என்று காட்டும்படி மாற்றியது. நான்கு இலக்க எண்ணை யாரும் கோணமாக நினைக்க மாட்டார்கள். அந்த மாற்றத்தைச் செய்ய 87 உயிர்கள் போக வேண்டியிருந்ததா என்ற கேள்வியைத் தாண்டிப் போக என்னால் முடியவில்லை. கருவியைப் படிப்பதில் வரும் பிழைகளைப் பற்றி 1947-இலிருந்து அச்சில் இருந்ததை வைத்துக்கொண்டு, வரைபடத்தைப் பார்த்த எவரும் அந்தப் புள்ளியில் விரல் வைத்திருக்க முடியும்.

நடந்த பிறகு இப்படிச் சொல்வது சுலபம் என்ற மறுப்பை நான் மதிக்கிறேன். ஒரு விமானி அறையில் நூற்றுக்கணக்கான விசைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் எல்லாத் தவறும் நேரலாம் என்று எழுதி வைத்தால் எந்த விபத்தும் அந்தப் பட்டியலுக்குள் வந்துவிடும். எல்லாவற்றையும் எச்சரிப்பவர் எதையும் எச்சரிக்காதவர்தான். இந்த மறுப்புக்குப் பதில் சொல்லும் வேலையைப் பிரிட்டனில் நெவில் ஸ்டான்டன், டான் ஹாரிஸ் குழுவினர் எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் உருவாக்கி 2006-இல் வெளியிட்ட முறை, ஒரு பணியை அதன் கடைசி விரலசைவு வரை பிரிக்கிறது. ஒவ்வோர் அசைவிலும் பன்னிரண்டு வகைத் தவறுகளை வரிசையாகக் கேட்கிறது: செய்யாமல் விடுவாரா, பாதியில் நிறுத்துவாரா, தவறான குமிழில் செய்வாரா, முந்திச் செய்வாரா, பிந்திச் செய்வாரா, மிகையாகச் செய்வாரா, தவறாகப் படிப்பாரா என்று போகும் அந்த வரிசை. பிறகு நேரக்கூடிய வாய்ப்பையும் நேர்ந்தால் விளையும் கேட்டையும் மதிப்பிடுகிறது. இரண்டுமே அதிகம் என்றால் அந்தக் கருவிக்கு அங்கே தேர்ச்சி இல்லை. முறையைச் சரிபார்த்த விதம்தான் முக்கியம். முதலில் கணித்தார்கள், பிறகு அதே பணியில் விமானிகள் தாங்கள் செய்ததாகச் சொன்ன தவறுகளோடு ஒப்பிட்டார்கள். பலித்தவற்றை மட்டும் எண்ணி மகிழாமல், வீணாக எச்சரித்தவற்றையும் எண்ணிக் கழித்தார்கள். அப்படிக் கழித்த பிறகும் கணிப்பு தாக்குப்பிடித்தது.

சட்டமும் மெல்ல அசைந்தது. 1994-இல் ஜப்பானின் நகோயாவில் 264 பேரும் 1995-இல் கொலம்பியாவின் காலி நகருக்கு அருகே 159 பேரும் இறந்த விபத்துகள், விமானியும் கணினியும் ஒருவரை ஒருவர் தவறாகப் புரிந்துகொண்டதன் விளைவுகள். 1996-இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம், மனிதனுக்கும் கருவிக்கும் இடையிலான உறவைப் பற்றி விரிவான அறிக்கை வெளியிட்டது. அதன் வழியில் வந்த 25.1302 என்ற பிரிவு ஐரோப்பாவில் 2007-இலும் அமெரிக்காவில் 2013-இலும் விதியானது. நன்கு பயிற்சி பெற்ற விமானிக்கும் தவறு நேரும் என்பதை ஏற்றுக்கொண்டு, அதைச் சமாளிக்க வழிவகை இருப்பதை விமானம் செய்பவரே காட்ட வேண்டும் என்கிறது அது. சாப்பனிஸிலிருந்து எண்ணினால் இதற்கு 60 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது.

எல்லாவற்றையும் கணினியிடம் விட்டுவிட்டால் தவறும் மனிதனோடு வெளியேறிவிடும் என்று சொல்வோர் உண்டு. லிசான் பெயின்பிரிட்ஜ் என்ற உளவியலாளர் 1983-லேயே எழுதிய பதில் இன்னும் செல்லும்: தானியங்கி சுலபமான வேலையை எடுத்துக்கொள்கிறது, அதனால் முடியாததை, பழக்கம் விட்டுப்போன மனிதனிடம், மிக மோசமான கணத்தில் திருப்பிக் கொடுக்கிறது. அதோடு, தானியங்கியை வடிவமைப்பவரும் மனிதர்தான். விமானி எப்படி நடந்துகொள்வார் என்ற கணிப்பு அவருடைய கணக்கில் ஏதோ ஓரிடத்தில் கட்டாயம் இருக்கும்.

போயிங் 737 மேக்ஸின் கணக்கில் அது வினாடிகளாக இருந்தது. விமானத்தின் மூக்கைத் தானாகக் கீழே தள்ளும் மென்பொருள் ஒன்று, காற்றின் கோணத்தை அளக்கும் ஒரே ஓர் உணரியை நம்பி இயங்கியது. உணரி பழுதாகி மென்பொருள் காரணமில்லாமல் மூக்கைத் தள்ளினால், விமானி சுமார் 4 வினாடிக்குள் புரிந்துகொண்டு செயல்படுவார் என்பது அனுமானம். போயிங்கின் சோதனை விமானி ஒருவருக்கு 2012-இல் சிமுலேட்டரில் 10 வினாடிக்கு மேல் பிடித்தது. உண்மையில் நடந்தால் பேரழிவு என்று அவர் மதிப்பிட்டதும் பின்னாளில் அமெரிக்க நாடாளுமன்ற விசாரணையில் வெளிவந்தது. பாதுகாப்பு மதிப்பீட்டுச் சோதனையில் மூக்கு கீழே போவதை மட்டும் நிகழ்த்திக் காட்டினார்கள். அதே உணரி பழுதானால் கூடவே கட்டுப்பாட்டுக் கோல் கடகடவென்று அதிரும், வேகம் முரண்படுகிறது என்று எச்சரிக்கை வரும், உயரம் முரண்படுகிறது என்று இன்னொன்று வரும். இவை எல்லாம் ஒரேசமயத்தில் மொய்க்கும்போது மனிதன் என்ன செய்வான் என்பதைச் சோதிக்கவில்லை என்று தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2019 செப்டம்பரில் எழுதியது. அதற்குள் 2018 அக்டோபர் 29-இல் லயன் ஏர் விமானத்தில் 189 பேரும், 2019 மார்ச் 10-இல் எத்தியோப்பியன் ஏர்லைன்ஸ் விமானத்தில் 157 பேரும் இறந்துவிட்டார்கள்.

லயன் ஏர் விமானம் விழுந்ததற்கு முந்தைய நாள், அதே விமானத்தில் அதே பழுது நேர்ந்தும் டென்பசாரிலிருந்து ஜகார்த்தாவுக்குப் பத்திரமாக வந்து சேர்ந்தார்கள். ஆகவே திறமையான விமானி சமாளித்திருப்பார், கணிப்பில் பிழையில்லை என்று வாதிட்டவர்கள் இருந்தார்கள். முந்தைய நாள் விமானி அறையில் மூன்றாவது விமானி ஒருவர் கூடுதல் இருக்கையில் பயணியாக உட்கார்ந்திருந்தார். இரண்டு பேர் விமானத்தோடு மல்லாடும்போது, கை ஓய்ந்திருந்த மூன்றாவது மனிதரால் நிலைமையைப் பார்க்க முடிந்தது. விமானமோ இருவர் ஓட்டுவதற்கெனச் சான்று பெற்றது. மூன்றாவது மனிதர் இருந்ததால் பிழைத்த சம்பவம், இருவரைப் பற்றிய அனுமானத்துக்குச் சாட்சியாகாது, எதிர்ச்சாட்சியாகவே நிற்கும். கிரெதரின் ஆய்வுக்கூடத்தில் விமானிகளைக் கொண்டு அளந்தார்கள். இங்கே விமானியைப் பற்றி ஓர் எண்ணை எழுதிக்கொண்டு, அதற்கு மாறாக வந்த அளவீட்டை ஒதுக்கினார்கள். பிழையை முன்கூட்டிச் சொல்லும் கலை தோற்றதாக இதை நான் கருதவில்லை. சோதனை விமானியின் 10 வினாடி சரியான கணிப்புதான். விமானத்தை விற்பவரின் மேசையிலேயே அது முடங்கியது என்பதுதான் கோளாறு.

2020 டிசம்பரில் அமெரிக்கா விமானச் சான்றளிப்பு முறையைத் திருத்தி ஒரு சட்டம் இயற்றியது. விமானியின் எதிர்வினை பற்றிய அனுமானங்களை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்பது அதில் ஒன்று. எச்சரிக்கைகளை முக்கியத்துவ வரிசையில் ஒருங்கிணைத்துக் காட்டும் நவீன அமைப்பு இல்லாத விமானத்துக்கு இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு சான்று கிடையாது என்பது இன்னொன்று. 737-இன் விமானி அறை 1967-இல் முதல் சான்று பெற்ற மாதிரியின் வழிவந்தது. அந்த அமைப்பு அதில் இல்லை. மேக்ஸ் 7, மேக்ஸ் 10 ஆகிய இரண்டு புதிய வகைகள் கெடுவுக்குள் சான்று பெறவில்லை. 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் அவ்விரண்டுக்கும் கெடுவை விலக்கிக்கொண்டது. காற்றின் கோணத்துக்குக் கூடுதலாக ஒரு கணக்கீட்டு ஆதாரமும், பொய்யாக ஒலிக்கும் எச்சரிக்கையை விமானியே நிறுத்த ஒரு வழியும் மேக்ஸ் விமானங்களில் சேர்க்கப்பட வேண்டும் என்ற நிபந்தனையோடு, எச்சரிக்கை அமைப்பு பழையபடியே தொடர அனுமதி கிடைத்தது.